டிராக் டேவுக்கு ரெடியா பாஸ்? ஹெல்மெட்டுக்கு முன்னாடி பிரேக் ஆயிலைப் பாருங்க!

2025 ஜனவரியில் வந்த அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். துபாய் ஆட்டோட்ரோமில் பிராக்டிஸ். அஜித் குமார் ஓட்டிவந்த போர்ஷே, தடுப்புச் சுவரில் மோதி, பம்பரம் மாதிரி பலமுறை சுற்றி நிற்கிறது. கொஞ்ச நேரத்தில் மனிதர் இறங்கி நடக்கிறார். 'செம கெத்து' என்று கமென்ட் போட்டுவிட்டு அடுத்த ரீல்ஸுக்குப் போய்விட்டோம்.

ஆனால், அவரை நடக்க வைத்தது அதிர்ஷ்டம் மட்டும் இல்லை. அந்த 911 ஜிடி3 கப் கார் ரேஸுக்காகவே தயாரிக்கப்படுவது. உள்ளே வெல்டிங் செய்த இரும்புக் கூண்டு, உடம்பைக் கவ்விப் பிடிக்கும் பக்கெட் சீட், ஆறு முனை பெல்ட், ஹெல்மெட், ஹெல்மெட்டைத் தோளோடு சேர்த்துப் பிடிக்கும் ஹேன்ஸ் கருவி, தீயைத் தாங்கும் உடை... இவை எல்லாம் ஒன்றை ஒன்று நம்பி வேலை செய்கிறவை. ஒன்றை மட்டும் உருவி எடுத்தால், மற்றவை சும்மா இருக்காது. சில நேரம் அவையே உங்களைக் காயப்படுத்தும்.

இதை இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், சொந்த காரை எடுத்துக்கொண்டு ரேஸ் டிராக்குக்குப் போகும் 'டிராக் டே' ஆசை இங்கே நிறைய பேருக்கு வந்திருக்கிறது. சென்னையை ஒட்டி இருங்காட்டுக்கோட்டை டிராக், கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே என ரெண்டு டிராக் நம்ம ஊரிலேயே இருக்கு. நரேன் கார்த்திகேயனும் கருண் சந்தோக்கும் நம்ம பசங்க. ஆசை வராமல் இருந்தால்தான் ஆச்சர்யம்!

டிராக் டே என்பது ரேஸ் இல்லை. யாரும் யாரையும் ஜெயிக்க வேண்டியதில்லை. அனுபவத்துக்கு ஏற்றபடி குழுவாகப் பிரித்து, 15, 20 நிமிட செஷன்களாக விடுவார்கள். உங்கள் காரின் எல்லையையும் உங்கள் எல்லையையும் தெரிந்துகொள்ள ஒரு நாள். அவ்வளவுதான். ஆனால், வேகத்துக்கு இது ரேஸா, டிராக் டேவா என்ற வித்தியாசமெல்லாம் தெரியாது.

சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது? நிறைய பேர் ஹெல்மெட்டும் கையுறையும் ஆர்டர் பண்ணுவதில் ஆரம்பிக்கிறார்கள். ஆரம்பிக்க வேண்டிய இடம் காரின் பானெட்.

முதல் செலவு: பிரேக் ஆயில்

ஸ்கூலில் படித்த கணக்குதான். வேகம் இரண்டு மடங்கானால், காரின் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும். 60 கி.மீ வேகத்தில் நிறுத்துவதைவிட 120-ல் நிறுத்த, பிரேக் நான்கு மடங்கு ஆற்றலை வெப்பமாக மாற்றியாக வேண்டும். ஹைவேயில் எப்போதாவது ஒருமுறை இப்படி அழுத்துவீர்கள். டிராக்கில் ஒவ்வொரு வளைவுக்கும் அழுத்த வேண்டும். பிரேக் ஆற நேரமே கிடைக்காது.

அந்தச் சூடு மெதுவாக பிரேக் ஆயிலுக்கு ஏறும். ஆயில் கொதித்தால் உள்ளே குமிழிகள் உண்டாகும். திரவத்தை அமுக்க முடியாது, அதனால்தான் பிரேக் வேலை செய்கிறது. ஆனால், குமிழியை அமுக்கலாம். விளைவு? பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், கார் நிற்காது.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பிரேக் ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும் குணம் கொண்டது. புது டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தர விதி. ஈரம் ஏறிய பிறகு அதே ஆயிலுக்கு விதி கேட்பது 155 டிகிரிதான். நம்ம கடலோர ஊர்களின் காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 'வாங்கி மூணு வருஷம்தான் ஆச்சு, ஆயில் ஃபுல்லா இருக்கு ப்ரோ' என்பதெல்லாம் பதில் இல்லை. டிராக்குக்குப் போகும் முன் பழைய ஆயிலை முழுவதும் இறக்கிவிட்டு, உங்கள் காரின் கையேடு சொல்லும் வகையில் புதுசு ஊற்றச் சொல்லுங்கள். பிரேக் பேடையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் மாற்றிவிடுவது நல்லது.

டயரில் இருக்கும் நாலு நம்பர்

டயரின் பக்கவாட்டில் 'டாட்' என்ற குறியீட்டின் கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும். 2321 என்றால், 2021-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது என்று அர்த்தம். பட்டன் நன்றாக இருந்தாலும், ரப்பர் வயதானால் இறுகிவிடும். பக்கவாட்டில் வெடிப்போ, வீக்கமோ இருந்தால் அந்த டயரோடு டிராக் பக்கமே போக வேண்டாம்.

காற்று விஷயத்திலும் கவனம் தேவை. டயர் சூடாகச் சூடாக உள்ளே அழுத்தம் ஏறும். காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது ஒருமுறை, ஒவ்வொரு செஷன் முடிந்ததும் ஒருமுறை பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். சின்ன பிரஷர் கேஜ் ஒன்று கையில் இருக்கட்டும்.

வீல் நட்டுகளை எட்டி மிதித்து முறுக்குவது நம்ம ஊர் ஸ்டைல். டிராக்குக்கு அது ஆகாது. டார்க் ரெஞ்ச் வைத்து, கையேட்டில் இருக்கும் அளவுக்கு முறுக்க வேண்டும். அதிகமாக முறுக்கினால் போல்ட் இழுபடும், குறைவாக இருந்தால் சக்கரம் கழலும். இன்ஜின் ஆயில் அளவையும் பாருங்கள். நீண்ட வளைவுகளில் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கும். அளவு குறைவாக இருந்தால் இன்ஜினுக்கு மாரடைப்புதான்.

பிள்ளையாருக்கு அன்று லீவு

காரின் உள்ளே ஆடக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது. தண்ணீர் பாட்டில், பவர் பேங்க், பெர்ஃப்யூம் டப்பா, குடை, டிக்கியில் இருக்கும் ஸ்டெப்னி, ஜாக்கி எல்லாவற்றையும் இறக்குங்கள். டேஷ்போர்டு பிள்ளையாரையும் அன்று ஒருநாள் பத்திரமாகப் பையில் வையுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார். பிரேக் பெடலுக்குக் கீழே ஒரு பாட்டில் உருண்டு போனால் போதும், மேலே சொன்ன தயாரிப்பெல்லாம் வீண். டிரைவர் பக்க மேட்டையும் எடுத்துவிடுங்கள்.

தீயணைப்பான் வைப்பதாக இருந்தால், அதை இரும்புப் பிடியில் போல்ட் போட்டுப் பொருத்துங்கள். வெல்க்ரோ பட்டையில் ஒட்டிவைத்த சிலிண்டர், விபத்தின்போது உங்கள் தலையை நோக்கிப் பறந்து வரும். கையேட்டைப் பார்த்து, பம்பரில் இழுவைக் கொக்கியையும் மாட்டிவையுங்கள். மண்ணில் சிக்கினால் இழுத்து வெளியேற்ற அதுதான் வழி.

பைக் ஹெல்மெட் போதாதா?

அடிக்கடி வரும் கேள்வி இது. நம்ம ஊர் ஐ.எஸ்.ஐ முத்திரை பெற்ற ஹெல்மெட் இருசக்கர வாகனத்துக்காகச் சோதிக்கப்பட்டது. கார் பந்தயத்தில் தலை சந்திக்கும் ஆபத்துகள் வேறு. ஒன்று, நெருப்பு. இன்னொன்று, காருக்குள்ளே இருக்கும் இரும்புக் கம்பியில் தலை இடிப்பது. அமெரிக்காவின் ஸ்னெல் அமைப்பு கார் பந்தயத்துக்குத் தரும் 'எஸ்.ஏ' சான்றில் தீ சோதனையும், கூண்டுக் கம்பியில் மோதும் சோதனையும் உண்டு. அவர்களே பைக்குக்குத் தரும் 'எம்' சான்றில் இந்த இரண்டும் கிடையாது. 1956-ல் பந்தய விபத்தில் இறந்த பீட் ஸ்னெல் என்ற ஓட்டுநரின் நினைவாக ஆரம்பிக்கப்பட்ட அமைப்பு அது.

ஆரம்பநிலை டிராக் டேக்களில் சிலர் பைக் ஹெல்மெட்டை அனுமதிப்பார்கள். ஏற்பாட்டாளரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். தொடர்ந்து போகப் போகிறீர்கள் என்றால், எஸ்.ஏ சான்று உள்ள முழு முக ஹெல்மெட்டில் பணம் போடலாம். பழைய ஹெல்மெட்டைக் குறைந்த விலைக்கு வாங்காதீர்கள். ஒருமுறை அடி வாங்கிய ஹெல்மெட், வெளியே பளபளவென்று இருந்தாலும் உள்ளே நொறுங்கியிருக்கலாம்.

உடை? 2020 பஹ்ரைன் கிராண்ட் பிரியில் ரொமெய்ன் குரோஷானின் கார் தடுப்பில் மோதி இரண்டாகப் பிளந்து எரிந்தது ஞாபகம் இருக்கா? அரை நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாகத் தீக்குள் இருந்தவர், கையில் தீக்காயங்களோடு உயிருடன் வெளியே வந்தார். தீயைத் தாங்கும் உடை கொடுத்த நொடிகள் அவை. முதல் டிராக் டேவுக்கு அந்த அளவுக்கு வேண்டாம். ஆனால், பாலியெஸ்டர் ஜெர்சி மட்டும் வேண்டாம். அது எரிவதோடு உருகித் தோலில் ஒட்டும். முழுக்கை காட்டன் சட்டை, காட்டன் பேன்ட், பெடலை உணரக்கூடிய மெல்லிய அடிப்பாகம் உள்ள ஷூ போதும். செருப்பு, குரோக்ஸ் எல்லாம் வாசலோடு சரி.

பாதி பாதுகாப்பு, முழு ஆபத்து

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால், இதைப் படியுங்கள்.

கலர் கலராக நான்கு முனை ஹார்னஸ் பெல்ட்டை வாங்கி, கம்பெனி சீட்டில் மாட்டி, போட்டோ போடுகிறவர்கள் உண்டு. பார்க்க ரேஸ் கார் மாதிரி இருக்கும். ஆனால், பல நேரம் அது சாதாரண சீட் பெல்ட்டைவிட ஆபத்தானது.

ஏன்? சாதாரண மூன்று முனை பெல்ட், மோதலில் உங்கள் உடம்பைக் கொஞ்சம் முன்னால் போகவிட்டுப் பிடிக்கும். தலையை ஏர்பேக் வாங்கிக்கொள்ளும். ஹார்னஸ் அப்படி இல்லை. இரண்டு தோளையும் சீட்டோடு அறைந்து நிறுத்திவிடும். உடம்பு நின்றுவிட்டது. ஹெல்மெட்டோடு சேர்ந்து ஐந்தாறு கிலோ இருக்கும் தலை நிற்காது. மொத்த இழுப்பும் கழுத்துக்கும் மண்டை ஓட்டின் அடிப்பகுதிக்கும் போகும். 2001 பிப்ரவரி 18, டேடோனா 500 பந்தயத்தின் கடைசி லேப்பில் அமெரிக்காவின் நட்சத்திர ஓட்டுநர் டேல் எர்ன்ஹார்ட் சுவரில் மோதி இறந்தது இந்த வகைக் காயத்தால்தான்.

இதைத் தடுக்கும் ஹேன்ஸ் கருவி அப்போதே இருந்தது. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராபர்ட் ஹப்பர்ட், தன் மைத்துனரும் ரேஸருமான ஜிம் டவுனிங்குடன் சேர்ந்து 1980-களில் உருவாக்கியது. தோளில் உட்காரும் ஒரு காலர், அதிலிருந்து ஹெல்மெட்டுக்கு இரண்டு பட்டை. தலை தனியாகப் பறக்காமல் உடம்போடு நிற்கும். அசௌகரியமாக இருக்கிறது என்று பலர் ஒதுக்கினார்கள். எர்ன்ஹார்ட் இறந்த அதே ஆண்டில், தலையையும் கழுத்தையும் காக்கும் கருவியை நாஸ்கார் கட்டாயமாக்கியது. 2003-ல் ஃபார்முலா 1-ல் ஹேன்ஸ் கட்டாயமானது.

அப்போ ஹார்னஸோடு ஹேன்ஸும் வாங்கிட்டா முடிஞ்சுதா? இல்லை. கால்களுக்கு நடுவே வரும் பட்டை இல்லாத நான்கு முனை பெல்ட்டில், இடுப்புப் பட்டை மேலேறி வயிற்றை அழுத்தும். உள்ளுறுப்புகள் நசுங்கும். கார் கவிழ்ந்து கூரை அமுங்கினால், ஹார்னஸில் இருப்பவர் சாய்ந்து தப்பவும் முடியாது. அதனால் கூண்டு வேண்டும். கூண்டு வைத்த காரை ஹெல்மெட் இல்லாமல் ஆபீஸுக்கு ஓட்டினால், சின்ன இடியிலும் தலை இரும்பில் மோதும். ஒன்று மாற்றினால் எல்லாம் மாற்ற வேண்டும்.

ஆக, உங்கள் முன்னால் இரண்டே வழிகள். ஒன்று, கம்பெனி கொடுத்த சீட், மூன்று முனை பெல்ட், ஏர்பேக் எதையும் தொடாமல், நல்ல ஹெல்மெட் மட்டும் சேர்ப்பது. இது ஒரு முழு செட். இரண்டு, கூண்டு, பக்கெட் சீட், ஆறு முனை பெல்ட், ஹேன்ஸ், எஸ்.ஏ ஹெல்மெட் என மொத்தமாக மாற்றி, அந்த காரை டிராக்குக்கு மட்டும் வைத்துக்கொள்வது. இரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான் ஆபத்து. முதல் முறை போகிறவருக்கு முதல் வழியே சரி. செலவும் குறைவு.

ஓட்டுறவர் ரெடியா?

முந்தைய நாள் நல்ல தூக்கம். நம்ம ஊர் வெயிலில் ஹெல்மெட் போட்டு உட்கார்ந்தால் வியர்வை கொட்டும். தாகம் எடுக்கும் முன்பே தண்ணீர் குடியுங்கள். சீட்டில் முதுகு ஒட்டியிருக்கும்போது மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் மேல்பகுதியைத் தொட வேண்டும். பிரேக்கை முழுதாக அழுத்தும்போதும் முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும்.

காலையில் நடக்கும் டிரைவர் பிரீஃபிங்கைத் தவறவிடாதீர்கள். மஞ்சள் கொடி என்றால் முன்னால் ஆபத்து, வேகம் குறை, முந்தாதே. நீலம் என்றால் பின்னால் வேகமான கார், வழிவிடு. சிவப்பு என்றால் செஷன் நிறுத்தம், மெதுவாக பிட்டுக்குத் திரும்பு. கறுப்பு காட்டினால் அழைப்பு உங்களுக்குத்தான், உள்ளே வாருங்கள். முதல் செஷனில் டிராக்கைப் படித்தால் போதும். ஈ.எஸ்.பி, டிராக்‌ஷன் கன்ட்ரோலை அணைக்க வேண்டாம். ஒவ்வொரு செஷனின் கடைசி லேப்பையும் மெதுவாக ஓட்டி பிரேக்கை ஆறவிடுங்கள். நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக் போடாதீர்கள். கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள்.

இன்னொரு விஷயம். உங்கள் கார் இன்ஷூரன்ஸ் பாலிசியை எடுத்துப் பாருங்கள். பந்தயம், வேகச் சோதனை போன்ற பயன்பாடுகளுக்கு கவரேஜ் இல்லை என்று எழுதியிருக்கும். டிராக்கில் அடிபட்டால் செலவு உங்கள் பாக்கெட்டிலிருந்துதான். காரை ரிப்பேர் செய்யப் பணம் இருந்தால் மட்டும் போங்கள்.

'இவ்வளவு எதுக்கு, ஈ.சி.ஆர்-ல ராத்திரி காலியாத்தானே இருக்கு' என்று யாராவது ஃப்ரெண்ட் சொல்வார். அங்கே கொடி காட்ட ஆள் இல்லை, மண் ஓட்டம் இல்லை, ஆம்புலன்ஸ் காத்திருக்காது. சாலையைக் கடக்கிறவருக்கு நீங்கள் ரேஸ் ஓட்டுவது தெரியாது. மோட்டார் வாகனச் சட்டப்படி பொதுச் சாலையில் ரேஸ் ஓட்டினால் சிறைத் தண்டனையும் உண்டு.

டிராக்கிலும் ஆபத்து பூஜ்ஜியம் ஆகிவிடாது. 2023 ஜனவரியில், இருங்காட்டுக்கோட்டையில் நடந்த தேசிய சாம்பியன்ஷிப் பந்தயத்தில், பல வருட அனுபவம் கொண்ட ரேஸர் கே.இ.குமார் விபத்தில் இறந்தார். முறையான பந்தயம், முறையான ஏற்பாடுகள் இருந்தும் அது நடந்தது. உபகரணங்கள் நமக்குத் தருவது வாய்ப்பு மட்டும்தான். அந்த வாய்ப்பைக் குறைத்துக்கொள்ளாமல் இருப்பது நம் கையில் இருக்கிறது.

அதனால், இந்த வாரமே ஷோரூம் ஹெல்மெட்டைப் பார்த்துக் கனவு காண்பதற்கு முன்னால், உங்கள் மெக்கானிக்குக்கு ஒரு போன் போடுங்கள். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "அண்ணே, என் வண்டிக்கு பிரேக் ஆயில் கடைசியா எப்ப மாத்தினோம்?"