அழுதுகொண்டே விதைப்பவர்

செத்தவீட்டில் "அழாதேங்கோ, எல்லாம் ஆண்டவர் சித்தம்" என்று சொல்லிவிட்டு வந்த குருக்களில் நாமும் அடங்குவோம். அதை ஆறுதல் என்று நினைத்தோம். இலாசரை உயிர்ப்பிக்கப் போகிறவரே அவருடைய சாவுக்காகக் கண்ணீர் விட்டதை யோவான் தம் நற்செய்தியின் 11ஆம் அதிகாரத்தில் எழுதியிருக்கிறார். அழுகை விசுவாசக் குறைவென்றால், இயேசுவின் கண்ணீரை என்னவென்பது?

இடம்பெயர்ந்த கமக்காரருக்கு வேதாகமத்தில் மிக நெருக்கமானது 126ஆம் திருப்பாடல். பாபிலோனிலிருந்து ஊர் திரும்பியவர்களின் பாட்டு என்று அதை விளக்குவார்கள். கி.மு. 538இல் பாரசீக மன்னன் சைரசு அவர்களைப் போகவிட்டான். பாட்டின் முற்பாதியில் சிரிப்பும் ஆரவாரமும். பிற்பாதியிலோ, திரும்பி வந்த அதே மக்கள் மீண்டும் மீட்பைக் கேட்டு மன்றாடுகிறார்கள். வந்து பார்த்தால் வீடு இல்லை, வயல் பற்றையாகிக் கிடக்கிறது. 2009இன் பின் வன்னியில் மீளக்குடியேறிய குடும்பங்களுக்கு இதை நாம் விளக்கத் தேவையில்லை.

அவர்கள் கேட்பது நெகேபின் ஓடைகளைப் போன்ற மீட்பு. அந்த வறண்ட நாட்டில் ஓடைகள் கோடை முழுவதும் மணலாய்க் கிடக்கும்; மாரியில் மழை பெய்தால் சட்டென்று வெள்ளம் புரளும். (நம் காட்டாறுகளும் ஏறக்குறைய அப்படித்தான்.)

அதன்பிறகு விதைப்பவன் வருகிறான், அழுதுகொண்டே. விதைப்பவன் ஏன் அழவேண்டும்? பஞ்ச காலத்தில் விதை என்பது வீட்டிலுள்ள கடைசிச் சாப்பாடு. பிள்ளை பசியோடிருக்க, அதை மண்ணில் எறிய வேண்டும். காலபோகத்துக்கு வைத்த விதைநெல்லைக் குத்திக் கஞ்சி காய்ச்ச நேர்ந்த தாய்மாருக்கு இது நன்றாக விளங்கும். அழுது முடித்தபின் விதைப்போம் என்று அவன் காத்திருக்கவில்லை. விதைக்கும்போது அழக்கூடாதென்றும் அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

துக்கத்தை அவசரமாக முடிக்கச் சொல்லும் வேறோர் இடமும் உண்டு. காணாமல் போன மகனுக்கு இறந்தோர் பூசை கொடுங்கள், மனம் ஆறும் என்று உறவினர் சொல்கிறார்கள். நவம்பர் 2, சகல ஆத்துமாக்களின் தினம் வரும்போது இந்தக் கதை கூடும். தாய்க்கோ, அதற்குச் சம்மதித்தால் தானே பிள்ளையைச் சாகக் கொடுத்ததுபோல் இருக்கிறது. திருச்சபைச் சட்டத்தின் 901ஆம் பிரிவின்படி, உயிரோடிருப்பவருக்காகவும் இறந்தவருக்காகவும் குருவானவர் பூசை ஒப்புக்கொடுக்கலாம். ஆகவே அந்தத் தாய் எதையும் தீர்மானிக்கத் தேவையில்லை. பிள்ளையின் பெயரை மட்டும் எழுதிக் கொடுக்கட்டும். எந்தப் பட்டியலில் சேர்ப்பது என்று கேளாமல் வாங்கிக்கொள்ளும்படி எம் சகோதரக் குருக்களைக் கேட்கிறோம்.