வெயில் காலத்தில் சாடிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் முறை



2022ஆம் ஆண்டில் சாமான் விலை தாறுமாறாக ஏறிய பின்பு லயத்து வாசல்களில் சாடிச் செடிகள் பெருகிவிட்டன. பழைய பெயின்ட் வாளி, பிஸ்கட் டின், உரப்பை, ஓட்டை பேசின் என்று மண் நிற்கக்கூடிய எல்லாவற்றிலும் கொச்சிக்காய், தக்காளி, கறிமிளகாய், கத்தரி வைத்திருக்கிறார்கள். நல்ல காரியந்தான். ஆனால் மழை நின்று இரண்டு கிழமை வெயில் அடித்தால் பாதிச் செடி போய்விடுகிறது. ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் இந்தக் கஷ்டம் ஜனவரி முதல் மார்ச் வரை. பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கத்தில் ஜூனுக்குப் பிறகு செப்டெம்பர் வரை வெயிலோடு காற்றும் சேர்ந்து காய்ச்சி எடுக்கும்.

"தண்ணி ஊத்திக்கிட்டுத்தானே இருந்தேன், அப்புறமும் ஏன் செத்துச்சு?" என்று லயங்களுக்குப் போகும்போது எங்களிடம் கேட்கிறார்கள். ஊற்றாததால் செத்த செடிகள் உண்டு. ஆனால் நாங்கள் பார்த்த அளவில், ஊற்றிய விதத்தால் செத்தவையே அதிகம்.

நிலத்தில் நிற்கிற செடி மேல்மண் காய்ந்தால் வேரைக் கீழே இறக்கி ஈரம் தேடும். வாளியில் நிற்கிற செடிக்கு அந்த வழி கிடையாது. அதோடு வாளியின் நாலு பக்கமும் வெயில் படுகிறது. கறுப்பு வாளியோ டின்னோ என்றால் பகல் ஒரு மணிக்குத் தொட்டுப் பாருங்கள், கை சுடும். உள்ளே ஓரத்தில் ஓடுகிற வேருக்கும் அதே சூடுதான்.

இப்படி இருக்க, நம்மில் அநேகர் செய்வது என்ன? காலையில் ஒரு கோப்பை, மலையிலிருந்து வந்ததும் ஒரு கோப்பை, அந்திக்கு ஒரு கோப்பை. மேல்மண் ஓர் அங்குலம் நனையும், கறுப்பாகத் தெரியும், மனதுக்குத் திருப்தியாக இருக்கும். அடியில் மண் தூளாகக் கிடக்கும். வேரும் ஈரம் இருக்கிற மேல்பக்கத்துக்கே வந்து, அங்கே வெயிலில் வெந்து போகும்.

ஆகவே ஒரே தரமாக, அடி வரைக்கும் நனைய ஊற்ற வேண்டும். வாளியின் அடி ஓட்டையால் தண்ணி கசியத் தொடங்கினால் போதும், நிறுத்தலாம். பத்து லீற்றர் வாளியில் காய் பிடித்திருக்கிற தக்காளிக்கு நல்ல வெயில் நாளில் ஒரு லீற்றரிலிருந்து ஒன்றரை லீற்றர் வரை செல்லும். கொச்சிக்காய்க்கு முக்கால் லீற்றர் காணும். ஒன்றரை லீற்றர் சோடா போத்தலை அளவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பத்துச் சாடிக்கு ஏறக்குறைய ஒரு வாளித் தண்ணி. பீலியில் தண்ணி நூலாக விழுகிற காலத்தில், நாள் முழுக்கக் கொழுந்தெடுத்த பெண் மூன்று தரம் வாளி தூக்குவதும் ஒரு தரம் தூக்குவதும் ஒன்றா? வீட்டு ஆண்கள் இந்த ஒரு வாளியைத் தூக்கினாலும் யாரும் குறை சொல்லப் போவதில்லை.

நேரம் காலையில், பெரட்டுக்குப் போகுமுன். அப்போது மண் குளிர்ந்திருக்கும், வெயில் ஏறுவதற்குள் செடி குடித்துக்கொள்ளும். காலையில் முடியாதவர்கள் அந்திக்கு ஊற்றலாம், ஆனால் இலையை நனைக்காமல் மண்ணில் மட்டும். நமது மலையில் இரவுக் குளிரில் நனைந்த இலை காயாது, தக்காளிக்கு இலைக்கருகல் வர அதுவே வழி. உச்சி வெயிலில் ஊற்றினால் செடி வெந்துவிடும் என்பார்கள். அது அவ்வளவு சரியில்லை. தண்ணி வீண் போகும், அவ்வளவுதான். சாகக் கிடக்கிற செடிக்கு உச்சியிலும் ஊற்றலாம். வெயிலில் கிடந்த கறுப்புக் குழாயில் முதலில் வருகிற சுடுதண்ணியை மட்டும் வேறு வாளியில் பிடித்து ஆறவையுங்கள்.

நடுப்பகலில் இலை தொங்கினால் உடனே வாளியைத் தூக்க வேண்டாம். வெயில் உச்சத்தில் இலை விடுகிற ஈரத்தை வேர் ஈடுசெய்ய முடியாமல் செடி சற்றுச் சோர்வது வழமை. அந்திக்கு நிமிர்ந்துவிட்டால் அதற்கு ஒன்றுமில்லை. மறுநாள் காலையிலும் தொங்கினால்தான் பார்க்க வேண்டும். விரலை மண்ணில் இரண்டு கணு ஆழத்துக்கு விடுங்கள். காய்ந்திருந்தால் தண்ணி. சின்னச் சாடி என்றால் தூக்கிப் பார்த்தாலே பாரம் சொல்லிவிடும்.

விரலில் ஈரம் ஒட்டுகிறது, ஆனாலும் செடி தொங்குகிறது என்றால் இன்னும் ஊற்றுவது கொல்லுவதற்குச் சமம். ஒன்று, அடியில் ஓட்டை அடைத்து வேர் அழுகியிருக்கும். உரப்பையோ வாளியோ, விரல் பருமனில் நாலைந்து ஓட்டை அடியில் இருந்தே ஆக வேண்டும். இரண்டாவது, வாடல் நோயாக இருக்கலாம். தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு நான்குக்கும் இது வரும். தண்டை அடியில் வெட்டி, தெளிந்த தண்ணியுள்ள கண்ணாடிக் கிளாசில் நுனி மட்டும் முங்கும்படி பிடித்துப் பாருங்கள். சில நிமிஷத்தில் பால் நிறத்தில் நூல் மாதிரி வடிந்தால் அதுதான். அந்தச் செடி பிழைக்காது. பிடுங்கி எரித்துவிட்டு, அந்த மண்ணில் இந்த நான்கையும் மறுபடி வைக்காமல் இருக்க வேண்டும்.

ஒரேயடியாகக் காய்ந்த மண் தண்ணியை ஏற்காது. ஊற்றினால் ஓரமாக இறங்கி உடனே அடியால் ஓடிவிடும். பார்ப்பவர் நிறைய ஊற்றிவிட்டோம் என்று நினைப்பார். அப்படிப்பட்ட சாடியை ஒரு பேசின் தண்ணியில் அரை மணித்தியாலம் உட்கார வைத்தால் அடியிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும். இரண்டு நாள் காயவிட்டு மூன்றாம் நாள் வெள்ளமாக ஊற்றுகிறவர்களின் தக்காளி வெடிக்கும், அல்லது அடிப்பக்கம் கறுத்து அழுகும். பூச்சி என்று மருந்து அடிக்க ஓட வேண்டாம். ஈரம் ஒழுங்காகக் கிடைக்காமல் சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராததன் விளைவு அது.

கவ்வாத்து வெட்டிய மலையில் மிலாறை அப்படியே மண்ணில் பரப்பி விடுவது எதற்கென்று உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே வேலையைச் சாடியிலும் செய்யலாம். காய்ந்த மானாப் புல் இரண்டு அங்குலத்துக்கு மேலே மூடி, தண்டை ஒட்டாமல் விட்டால் ஈரம் நெடுநேரம் நிற்கும். சாடிகளை நெருக்கி வைத்து, மதிய வெயில் நேரே அடிக்காத பக்கமாக நகர்த்துங்கள். கறுப்பு வாளிக்கு ஒரு பழைய சாக்கைச் சுற்றிவிடுங்கள்.

அரிசி களைந்த தண்ணி, மரக்கறி கழுவிய தண்ணி இரண்டும் நல்லது. சவர்க்காரத் தண்ணியை வாழைக்கு விடலாம், சாடிக்கு வேண்டாம், உப்பு சேர்ந்துவிடும். உரம் போடுவதானால் மண்ணை நனைத்த பிறகுதான். புல்லுக்கு அடிக்கிற மருந்து வந்த கேனைக் கழுவிவிட்டுத் தண்ணி ஊற்றப் பாவிப்பதை நாங்கள் சில லயங்களில் கண்டோம். எத்தனை தரம் கழுவினாலும் அது கூடாது. நாம் சாப்பிடுகிற செடி அது.

கடைசியாக, சாடிக்கு அடியில் வைக்கிற தட்டு. தேங்கிய தண்ணியில் டெங்கு நுளம்பு முட்டையிட்டு ஏழு, எட்டு நாளில் பறந்துவிடும். 2017ஆம் ஆண்டில் மாத்திரம் நாடு முழுவதும் 1,80,000க்கு மேற்பட்டோர் டெங்குக் காய்ச்சலில் விழுந்தார்கள். மலைநாட்டில் குளிர், இங்கே வராது என்று கண்டி மாவட்டத்துத் தோட்டங்களில் சொல்ல முடியாது. தண்ணியைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டை ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் தட்டைத் தும்பு போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வையுங்கள். மண் நிரப்பிய தட்டானால் அந்த வேலையும் மிச்சம்.