சலனப்படம் ஆக்கும் யந்திரத்துக்குக் கட்டளையிடும் முறை

2025-ஆம் ஆண்டில் பெங்களூரில் "லவ் யூ" என்னும் கன்னடத் திரைப்படம் உருவாயிற்று. அதற்கு நடிகர்கள் இல்லை, காமிராவும் இல்லை. ஆலய அர்ச்சகரான நரசிம்ம மூர்த்தி என்பவர் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைக் கொண்டு, ஏறத்தாழப் பத்து லட்சம் ரூபாய்ச் செலவில், 95 நிமிஷ நேரம் ஓடும் இப்படத்தை ஆக்கினார். தணிக்கைக் குழுவின் சான்றிதழும் இதற்குக் கிடைத்தது.

95 நிமிஷம் என்பது 5,700 விநாடி. இத்தகைய கருவிகள் ஒரு தடவையில் அளிப்பதோ சில விநாடிக் காட்சியே. 2025 மே மாதம் கூகிள் நிறுவனம் வெளியிட்ட வியோ 3 என்னும் கருவி தடவைக்கு 8 விநாடிக் காட்சியைத் தந்தது. அக்கணக்கின்படி இவ்வளவு நீண்ட படத்துக்கு 700-க்கு மேற்பட்ட துண்டுகள் வேண்டும். அவை அனைத்திலும் கதாநாயகியின் முகம் ஒன்றாகவே இருத்தல் அவசியம். மூக்கின் அமைப்புச் சற்றே மாறினாலும் காண்போர் அவளை வேறொருத்தியாகக் கருதிவிடுவர். பிழையான துண்டைத் திரும்ப ஆக்குவதற்குக் காலமும் பொருளும் செலவாகும். ஆதலின், சிறு முதலுடன் இத்துறையில் இறங்குவோர் யந்திரத்தின் இயல்பை முதலில் அறிந்துகொள்வது நலம்.

யந்திரம் செய்வது யாது?

ஒரு குவளை நீரில் விட்ட மைத்துளி சிறிது சிறிதாகப் பரவி, இறுதியில் உருத் தெரியாமல் கலந்துவிடுகிறது. இந்நிகழ்ச்சியைப் பின்னோக்கி நடத்த இயலுமா? 2015-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் சிலர் இக்கருத்தைக் கணித முறையில் படங்களுக்குப் பிரயோகித்தனர். நல்ல படம் ஒன்றின்மீது மணல் தூவுவதுபோல் புள்ளிகளைப் படிப்படியாகச் சேர்த்துக் கலைப்பர். கலைந்த படத்திலிருந்து அப்புள்ளிகளை நீக்குவதற்கு யந்திரத்தைப் பழக்குவர். எண்ணற்ற படங்களில் இவ்வாறு பழகிய யந்திரம், வெறும் புள்ளிக் குவியலிலிருந்தே புதிய படமொன்றை வெளிக்கொணர வல்லதாகிறது. எப்படம் வெளிவர வேண்டும் என்பதற்கு நாம் எழுதும் கட்டளை வாசகம் வழிகாட்டுகிறது.

விநாடிக்கு 24 படம் வீதம் 8 விநாடிக்கு 192 படங்கள் ஆகும். இவை அனைத்தும் ஒருங்கே தெளிவாக்கப்படுவதால் ஒரு துண்டுக்குள் தொடர்ச்சி பெரும்பாலும் கெடுவதில்லை. அடுத்த துண்டோ மீண்டும் புதிய புள்ளிக் குவியலிலிருந்து தொடங்குகிறது. முன்னைய துண்டில் தோன்றிய முகம் யந்திரத்தின் நினைவில் இராது. முகம் மாறுவதன் காரணம் இதுவே.

கையாளத்தக்க முறைகள்

முதலாவதாக, பாத்திரத்தின் நிலைப்படம் ஒன்றை உருவாக்கித் திருத்தி, அதனையே ஒவ்வொரு துண்டுக்கும் ஆதாரப்படமாக அளித்தல் வேண்டும். பாத்திரத்தைப் பற்றிய வருணனையையும் எழுத்து மாறாமல் திரும்ப எழுத வேண்டும். ஓரிடத்தில் "நீலச் சேலை" என்றும் மற்றோரிடத்தில் "கருநீல உடை" என்றும் எழுதின் விளைவும் வேறாகும்.

இரண்டாவதாக, ஒரு துண்டுக்கு ஒரு செயலே போதுமானது. கதவைத் திறந்து, கடிதத்தைப் படித்து, அழுது, ஓடும் பெண்ணை 8 விநாடிக்குள் அடக்க முயன்றால் கைவிரல்களும் பொருள்களும் ஒன்றோடொன்று குழம்பும்.

மூன்றாவதாக, கண்ணுக்குப் புலனாவதையே எழுதுதல் நன்று. பெங்களூர்க் கரகத் திருவிழாவைக் கொள்வோம். "பக்தி மிகுந்த கரக ஊர்வலம்" என்று மட்டும் எழுதினால், அவ்விழாவைப் பற்றிய படங்களில் அதிகம் பழகாத யந்திரம் ஏதோ ஓர் ஊர்வலத்தைக் காட்டக்கூடும். "இரவு, குறுகிய தெரு, மல்லிகை மலர்களால் மூடிய உயர்ந்த கூம்பைத் தலையில் தாங்கிய ஒருவர் நடந்து வருகிறார், இருபுறமும் வாளேந்திய வீரர், காமிரா ஓரிடத்தில் நிலையாக நின்று நோக்குகிறது" என்று எழுதினால் யந்திரத்துக்கு வேண்டிய அடையாளங்கள் கிடைக்கின்றன.

நான்காவதாக, வேண்டாததைக் கூறுவதினும் வேண்டுவதைக் கூறுதல் பயன் தரும். பயிற்சிக்குரிய படக்குறிப்புகள் பெரும்பாலும் படத்தில் உள்ளவற்றையே விவரிப்பவை. "தெருவில் கார் இல்லை" என்பதில் உள்ள "கார்" என்ற சொல்லே காரைக் கொண்டுவந்து நிறுத்தலாம். "வெறிச்சோடிய தெரு" என்பது மேலான வாசகம்.

ஐந்தாவதாக, பிழை நேர்ந்தவிடத்து ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்றிப் பார்க்க வேண்டும். சில கருவிகளில் தொடக்கப் புள்ளிக் குவியலைக் குறிக்கும் எண்ணொன்று உண்டு. அதனை மாற்றாது வைத்து வாசகத்தில் ஒரு சொல்லைத் திருத்தினால், விளைவுக்குக் காரணம் எது என்பது புலப்படும். பலவற்றை ஒருங்கே மாற்றுவோர் எதனால் சீர்பட்டது என்பதை அறிய இயலாது.

உண்மையெனத் தோன்றும் காட்சியை எளிதில் ஆக்க முடிவதால் பொறுப்பும் மிகுகிறது. செயற்கையாக ஆக்கிய காட்சிகளுக்கு அடையாளமிட வேண்டும் என்று 2026 பிப்ரவரியில் மத்திய அரசு தகவல் தொழில்நுட்ப விதிகளைத் திருத்தியது. படம் ஆக்குவோர் இதனைத் தொடக்கத்திலேயே கருத்தில் கொள்ளல் தகும்.

யந்திரம் ஒரே வாசகத்துக்குப் பத்து விதமான காட்சிகளைத் தரும். அவற்றுள் கதைக்குப் பொருந்துவது எது என்பதைத் தேர்ந்து, ஒன்பதை ஒதுக்கும் வேலை மனிதனுக்கே உரியது. எத்தகைய காட்சி வேண்டும் என்பதை முன்னரே மனத்தில் தெளிவாக வகுத்துக்கொண்டவர்க்கே அத்தேர்வு எளிதாகும்.