நிலத்துக்கு விலை பேச வந்தால்...



ரோட்டோர நிலங்களுக்கு பிளாட் போடுபவர்கள் விலை பேச வருவதை நாம் பார்க்கிறோம். புரோக்கர் முதலில் சொல்வது செண்டு விலைதான். "செண்டு இருபதாயிரம், ஏக்கருக்கு இருபது லட்சம். இந்தாங்கம்மா அட்வான்ஸ் ஒரு லட்சம்" என்பார். கேட்டதும் மனசு குளிர்ந்து விடும். ஆனால் அவர் நீட்டும் பேப்பரில் விலையை விட முக்கியமான நான்கு விஷயங்கள் இருக்கின்றன.

1. கெடு: பாக்கி 19 லட்சம் எப்போது வரும்? "பதினோரு மாசம்" என்று எழுதுவார்கள். பல பேர் அதற்குள் பிளாட்டுக்கு ஆள் பிடித்து, அந்தப் பணத்தைத்தான் நமக்குத் தருகிறார்கள். ஆள் கிடைக்காவிட்டால் நம் நிலம் மாட்டிக்கொள்ளும். கெடு முடிந்த பிறகும் 3 வருஷம் வரை அவர் கோர்ட்டுக்குப் போகலாம். அதனால் கெடுவைக் குறைவாக வையுங்கள். கெடு தவறினால் அட்வான்ஸ் யாருக்கு என்பதையும் எழுதச் சொல்லுங்கள். 2012 டிசம்பர் முதல் தமிழ்நாட்டில் கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்ய வேண்டும்.

2. பவர்: "அலைச்சல் வேண்டாம், பவர் எழுதிக் குடுங்க" என்பார்கள். பவர் பத்திரத்தால் சொத்து கைமாறாது என்று 2011ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் பவர் வாங்கியவர் நம் சார்பில் மற்றவருக்குக் கிரயம் செய்து கொடுக்க முடியும். முழுப்பணம் வராமல் பவர் கொடுக்காதீர்கள்.

3. பத்திரத்தில் போடும் தொகை: "பத்திரத்துல கம்மியா போட்டுக்கலாம், மீதி கையில" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். மீதி வராவிட்டால் கேட்க நம்மிடம் ஆதாரம் இருக்காது. முழு விலையும் பத்திரத்தில் இருக்கட்டும். பணம் பேங்க் வழியாக வரட்டும்.

4. நம் கையெழுத்து: "சும்மா சாட்சிக்குத்தாம்மா" என்று பேப்பரை நீட்டுவார்கள். அது நம் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமாகக் கூட இருக்கலாம். 2005ல் திருத்திய இந்து வாரிசுரிமைச் சட்டப்படி பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு உண்டு. கல்யாணமாகிப் போனாலும் அந்தப் பங்கு போகாது.

"இன்னைக்கே முடிச்சாத்தான் இந்த விலை" என்று யார் அவசரப்படுத்தினாலும், பேப்பரின் நகலை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். அக்கம்பக்கத்து நிலம் என்ன விலைக்குப் போனது என்று விசாரியுங்கள். வட்ட சட்டப் பணிகள் குழுவில் பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், சட்ட உதவி இலவசம். தாலுகா கோர்ட்டில் போய்க் கேட்கலாம்.

இந்த மாதக் குழுக் கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டி எல்லோரும் பேசுங்கள். ரேகை வைக்கும் பாட்டிமார்களுக்கும் எடுத்துச் சொல்லுங்கள். நிலம் ஒரு தடவைதான் கைமாறும். யோசிக்க ஒரு வாரம் எடுத்துக்கொள்வதில் தப்பில்லை.