பாலமும் பள்ளத்தாக்கும்: கனடாவின் ஒரு சட்டத்தரணி

பிரக்கிராசிமாரின் வீட்டு விறாந்தையிலே உறுதிக் கட்டுகளுடன் காத்திருந்தோரை நம்மில் மூத்தவர்கள் கண்டிருப்பார்கள். வேலி வழக்கு, பங்கு வழக்கு, வழிவாய்க்கால் வழக்கு எனத் தலைமுறை தலைமுறையாக நடந்த வழக்குகள் அவை. உறுதியும் இல்லாமல், தோம்பும் இல்லாமல், “இப் பள்ளத்தாக்கு முழுவதும் எங்கள் முன்னோருடையது” என்று மட்டும் கூறிக்கொண்டு ஒருவர் அவ் விறாந்தைக்கு வந்திருப்பாரேயானால், அவரை உள்ளே அழைத்திருப்பார்களா? கனடாவில் அவ்வாறு வந்தவர்களை அழைத்து அமரச் செய்து, அவர்களுக்காக வாதாடிய ஒருவரைப் பற்றியே இங்கு எழுதுகின்றோம்.

அவர் பெயர் தோமஸ் பேர்ஜர். 1933ஆம் ஆண்டு பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் விக்டோரியா நகரிலே, ஒரு பொலிஸ் உத்தியோகத்தரின் மகனாகப் பிறந்தவர். 1957இல் வான்கூவரில் சட்டத்தொழிலை ஆரம்பித்தார். அடுத்த ஆண்டிலே அந் நகரம் மறக்கவொண்ணாத விபத்தொன்றைக் கண்டது.

வான்கூவர்த் துறைமுகத்தின் குறுக்கே புதிய பாலமொன்று கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. 1958 ஜூன் 17ஆந் திகதி பிற்பகல், வேலை முடியாத அப் பாலம் திடீரென முறிந்து நீரினுள் வீழ்ந்தது. 79 தொழிலாளர் அதனுடன் வீழ்ந்தனர். 18 பேர் மாண்டனர். சில தினங்களின் பின் உடலங்களைத் தேடி மூழ்கிய சுழியோடி ஒருவரும் உயிர்துறந்தார். பாரமான கருவிகள் செருகிய இடைவார்களே பலரை அடியில் அமிழ்த்தின என்பர். காரணம் என்னவெனின், தற்காலிகமாக நிறுத்திய தூணின் அடியில் வைத்த உருக்கு விட்டங்களின் வலிமையைக் கணித்ததிலே நேர்ந்த பிழை. அக் கணக்கைச் செய்த பொறியியலாளர் இருவரும் அன்று பாலத்தின் மேல் நின்று மாண்டவர்களுள் அடங்குவர். காகிதத்தில் நேரும் பிழைக்கு யார் உயிர் கொடுக்கிறார்கள் என்பதற்கு இதனிலும் கொடிய சான்று வேண்டியதில்லை.

1959இல் அதே பாலத்தில் இரும்புத் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தபோது, வேலைக்குத் திரும்புமாறு நீதிமன்றம் கட்டளையிட்டது. தோழர்கள் வீழ்ந்த இடம். அங்கு ஏறுவது ஆபத்தோ இல்லையோ என்று தீர்மானிப்பது யார்? ஏறுபவனா, கீழே நிற்பவனா? கட்டளையை மீறியதாகச் சங்கத்துக்கு அபராதம் விதிக்கப்பட்டது. சங்கத்தின் சார்பில் வாதாடியவர் 26 வயதான பேர்ஜர். ஆபத்தான வேலையை மறுக்கும் உரிமையைச் சட்டத்திலே காண 1972 வரை காத்திருக்க வேண்டியிருந்தது; அதுவும் சஸ்கச்சுவான் மாகாணத்திலேதான் முதலில் வந்தது.

இதே சட்டத்தரணியிடந்தான் நனைமோ என்னும் ஊரிலிருந்து ஆதிக்குடியினர் இருவரின் வழக்கும் வந்தது. வேட்டைக்காலம் அல்லாத வேளையிலே ஆறு மான்களை வைத்திருந்தார்கள் என்பது குற்றச்சாட்டு. பேர்ஜர் 1854ஆம் ஆண்டுப் பத்திரமொன்றை நீதிமன்றத்தின் முன் வைத்தார். ஆளுநர் ஜேம்ஸ் டக்ளஸ் காலத்திலே நிலத்தைக் கொடுத்த குடியினர், குடியேறாத நிலங்களில் முன்போல் வேட்டையாடலாம் என்பது அதன் உடன்பாடு. இது வெறும் விற்பனைக் காகிதமன்று, உடன்படிக்கையே என்று மாகாண மேன்முறையீட்டு நீதிமன்றம் 1964இல் தீர்த்தது. மறு ஆண்டு கனடாவின் அதியுயர் நீதிமன்றமும் அதனை உறுதிப்படுத்தியது.

வாசகர்கள் ஒன்றை இங்கு அறிதல் வேண்டும். 1927 முதல் 1951 வரை, ஆதிக்குடிகள் தம் நில உரிமைக் கோரிக்கைக்காகப் பணந் திரட்டுவதோ சட்டத்தரணிக்குக் கூலி கொடுப்பதோ கனடாவிலே குற்றமாக இருந்தது. வழக்கில் தோற்பது வேறு; வழக்காடவே விடாதது வேறு. பேர்ஜர் தொழிலுக்கு வந்தபோது அத் தடை நீங்கி ஆறே ஆண்டுகள் ஆகியிருந்தன.

பின்னர் நாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கின் நிஸ்கா மக்களுக்காகப் பிராங்க் கோல்டர் வந்தார். அவர்கள் எவ் உடன்படிக்கையிலும் ஒப்பமிட்டவரல்லர், நிலத்தைக் கொடுத்தவருமல்லர். 1969இல் தோல்வி, மேன்முறையீட்டிலும் தோல்வி. 1973 ஜனவரி 31இல் அதியுயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசரில் அறுவர், ஆதிக்குடிகளுக்கு நில உரிமை என்றொன்று சட்டத்தில் இருந்ததென ஏற்றனர். அது இன்னும் நிலைக்கிறதா என்பதிலே மூவர் மூவராகப் பிரிந்தனர். ஏழாமவர், அரசை எதிர்த்து வழக்கிட முன் அநுமதி பெறவில்லை என்று காரணங் காட்டி வழக்கைத் தள்ளினார். ஆகவே சட்டப்படி தோல்விதான். ஆயினும் அவ் ஆண்டிலேயே மத்திய அரசு நிலக் கோரிக்கைகளைப் பேசித் தீர்க்க இணங்கியது. நிஸ்கா உடன்படிக்கை 2000ஆம் ஆண்டு மே 11இல் நடைமுறைக்கு வந்தது. சுமார் 2,000 சதுர கிலோமீற்றர் நிலம் அவர்களுடையதாயிற்று.

இதற்கிடையே பேர்ஜர் நீதியரசராகிவிட்டார். 1974இல், மக்கென்சிப் பள்ளத்தாக்கின் வழியே எரிவாயுக் குழாய் அமைப்பதை விசாரிக்கும்படி அவரை நியமித்தார்கள். தலைநகரில் அமர்ந்து அறிக்கை எழுதியிருக்கலாம். அவரோ 35 ஊர்களுக்குச் சென்றார். ஊர்மண்டபங்களிலும் மீன்பிடிப் பாடிகளிலும் இருந்து, வேட்டைக்காரரும் கிழவிகளும் தத்தம் மொழியிலே சொன்னவற்றைக் கேட்டார். வானொலி அவற்றை அம் மொழிகளிலேயே ஒலிபரப்பியது. கம்பனிகளிடம் நிபுணர்கள் இருப்பதுபோல் எதிர்த்தரப்பினருக்கும் இருத்தல் வேண்டுமென்று அரசுப் பணம் பெற்றுக் கொடுத்தார். 1977இல் வெளியான அறிக்கை, நிலக் கோரிக்கைகள் தீரும்வரை பத்தாண்டு பொறுக்கும்படி கூறியது. கேட்டுவிட்டுச் செய்வது என்பது இதுவே அன்றோ? கேட்பதாகப் பாவனை செய்யும் ஆணைக்குழுக்களை நாமும் கண்டிருக்கின்றோம்.

1981இல், புதிய அரசியலமைப்பு நகலிலிருந்து ஆதிக்குடிகளின் உரிமை நீக்கப்பட்டதைப் பகிரங்கமாகக் கண்டித்தமையால் அவர்மீது முறைப்பாடு எழுந்தது. உரிமை 35ஆம் பிரிவாகத் திரும்பவும் சேர்ந்தது; பேர்ஜர் 1983இல் பதவியைத் துறந்து மீண்டும் சட்டத்தரணியானார்.

அவர் இரு கரங்களிலும் ஏந்திய வேலை இன்று கனடாவிலே ஒரு தொழிற்றுறையாகவே வளர்ந்துள்ளது. 2004ஆம் ஆண்டை அதற்கு முக்கிய ஆண்டெனலாம். 1992இல் நோவா ஸ்கோஷியாவின் வெஸ்ற்ரே நிலக்கரிச் சுரங்கம் வெடித்து 26 பேர் இறந்தும் எவரும் தண்டிக்கப்படவில்லை. அதன் பயனாகப் பிறந்த சட்டம் 2004 மார்ச்சில் அமுலாகி, பிறர் வேலையை நடத்துவோர் தக்க பாதுகாப்புச் செய்யாவிடிற் குற்றவியற் சட்டத்துக்கு உட்படுவர் என்றது. ரொறன்ரோவில் 2009 நத்தார் முன்தினம் உயர்மாடியில் தொங்கிய பலகை முறிந்து நால்வர் மாண்டபோது, வேலையை நடத்தியவர் சிறைத்தண்டனை பெற்றது இச் சட்டத்தினாலேயே. நம் உறவினர் பலர் அந் நகரிலே உழைத்து வாழ்கின்றமையால் இது நமக்குத் தூரத்துச் செய்தியன்று.

அதே 2004 நவம்பரில், ஹைடா மக்களின் தீவுகளில் செவ்வகில் மரம் வெட்டும் அநுமதி பற்றிய வழக்கிலே, உரிமை முற்றாக நிரூபணமாகு முன்னரே அரசு அம் மக்களைக் கலந்தாலோசிக்கக் கடமைப்பட்டது என அதியுயர் நீதிமன்றம் தீர்த்தது. தடுக்கும் அதிகாரத்தை அது அவர்களுக்கு வழங்கவில்லை என்பதையும் சொல்லவே வேண்டும். கூட்டக் குறிப்புகளையும் கடிதங்களையும் அடுக்கிக் கலந்தாலோசனை முடிந்ததெனச் சாதிக்கும் வழக்கும் வந்துவிட்டது. தலைக்கவசப் பட்டியலில் ஒப்பமிட்டுவிட்டுப் பாதுகாப்புச் செய்ததாகக் கூறும் கம்பனியைப் போன்றதே இது.

பேர்ஜர் 2021 ஏப்ரலில், 88ஆம் வயதிலே, வான்கூவரில் காலமானார். அவர் இளமையில் வாதாடிய அப் பாலம் 1960இல் திறக்கப்பட்டது. 1994 முதல் இரும்புத் தொழிலாளர் நினைவுப் பாலம் என்ற பெயரைத் தாங்கி நிற்கிறது.