காலை 5.30க்குத் தானாகச் சரியாகும் பிழை

ஓர் இணையதளம் பகலெல்லாம் ஒழுங்காக வேலை செய்கிறது. நள்ளிரவு 12 மணி தாண்டினால் மட்டும் முந்தைய நாளின் தேதியைக் காட்டுகிறது. காலை 5.30க்கு, யாரும் கை வைக்காமலே சரியாகிவிடுகிறது. அனுபவமுள்ள பொறியாளருக்கு அந்த 5.30 போதும், நோய் பிடிபட்டுவிடும். சர்வர்களின் கடிகாரம் பெரும்பாலும் யுடிசி எனப்படும் உலகப் பொது நேரத்தில் ஓடும். இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. நமக்கு 5.30 ஆகும்போதுதான் சர்வருக்குப் புது நாள் பிறக்கிறது. நிரலை எழுதியவரின் மடிக்கணினியோ இந்திய நேரத்தில் ஓடுகிறது. அதில் எத்தனை ராத்திரி விழித்திருந்து பார்த்தாலும் இந்தப் பிழை தலைகாட்டாது.

ப்ரொடக்‌ஷன் சர்வரில், அதாவது மக்கள் நேரடியாக வந்துபோகும் கணினியில், மட்டும் முளைக்கும் பிழைகள் இப்படித்தான். நிரலில் ஓர் எழுத்துகூட மாறியிருக்காது. அதைச் சுற்றியுள்ள இயங்குசூழல் மாறியிருக்கும். விண்டோஸ் கணினி, கோப்பின் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சின்ன எழுத்தையும் வழக்கமாக ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். சர்வரில் உள்ள லினக்ஸுக்கு இரண்டும் வேறு வேறு கோப்பு. ஒரே ஒரு பெரிய எழுத்து இடம் மாறியதால், மடிக்கணினியில் பளிச்சென்று தெரிந்த படம் சர்வரில் காணாமல் போகும்.

தரவுத்தளத்தில் நடப்பது இன்னும் சுவாரசியம். யுடிஎஃப்-8 என்ற குறியீட்டு முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் இடம் பிடிக்கும். ‘அம்மா’வில் அ, ம, புள்ளி, ம, துணைக்கால் என 5 குறிகள், ஆக 15 பைட். மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தின் பழைய ‘யுடிஎஃப்8’ அமைப்பு ஒரு குறிக்கு 3 பைட்டுக்கு மேல் இடம் தராது. தமிழ் அதில் கச்சிதமாக அடங்கும். சோதிப்பவர் தமிழில் தட்டிப் பார்த்துத் திருப்தியோடு போய்விடுவார். பிறகு வாடிக்கையாளர் ஒருவர் வாழ்த்துக்குக் கீழே சிரிக்கும் முகம் ஒன்றைப் போடுவார். அந்த எமோஜிக்கு 4 பைட் வேண்டும். பதிவு அங்கேயே முறியும்.

எல்லாவற்றிலும் நுட்பமானது ரேஸ் கண்டிஷன். இரண்டு வேலைகளில் எது முந்துகிறது என்பதைப் பொறுத்து விடை மாறிவிடும் பிழை இது. பேருந்தில் ஒரே ஓர் இருக்கை பாக்கி. நிரல் முதலில் ‘இருக்கை இருக்கிறதா?’ என்று பார்க்கும், பிறகு ஒன்றைக் கழிக்கும். இரண்டுக்கும் நடுவே 5 மில்லிநொடி இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். நாம் ஒருமுறை கண் இமைப்பதற்குள் அப்படி 20 இடைவெளிகள் ஓடிவிடும். அதற்குள் இன்னொருவரும் ‘இருக்கிறதா?’ என்று கேட்டுவிட்டால், ஒரே இருக்கை இருவருக்கும் போகும். தனியாக உட்கார்ந்து சோதிப்பவர் இதை எத்தனை முறை முயன்றாலும் பார்க்க முடியாது. பண்டிகைக் கூட்டம் முதல் நாளிலேயே கண்டுபிடித்துவிடும். பார்ப்பதையும் கழிப்பதையும் பிரிக்க முடியாத ஒரே படியாகத் தரவுத்தளத்திடமே ஒப்படைப்பது இதற்கு மருந்து. விந்தை என்னவென்றால், பிழையைப் பிடிக்க நாலு வரி கூடுதலாக எழுதினாலே நேரக்கணக்கு மாறி, பிழை மறைந்துவிடலாம். இத்தகைய பிழைகளை இயற்பியலாளர் ஹைசன்பர்க்கின் பெயரால் ‘ஹைசன்பக்’ என்பார்கள். கணினி அறிஞர் ஜிம் கிரே 1985இல் எழுதிய அறிக்கையிலேயே அந்தப் பெயர் இருக்கிறது.

சர்வர் ஒன்றுக்கு மேல் இருந்தால் சிக்கலும் பெருகும். அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனமான நைட் கேபிடல், 2012இல் தன் 8 சர்வர்களில் புது நிரலை ஏற்றியது. ஒன்று விடுபட்டுப்போனது. 2003க்குப் பிறகு பயன்படுத்தாத பழைய நிரல் ஒன்று அதில் தூங்கிக்கொண்டிருந்தது. ஆகஸ்ட் 1 காலை சந்தை திறந்ததும் அது விழித்துக்கொண்டது. 212 ஆர்டர்களை நிறைவேற்றப் போய், 45 நிமிடத்தில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட வர்த்தகங்களைச் செய்துவிட்டது. நஷ்டம் 46 கோடி டாலருக்கும் மேல், நிமிடத்துக்கு ஒரு கோடி டாலர்! பதற்றத்தில் பொறியாளர்கள் புது நிரலைச் சந்தேகித்து, ஒழுங்காக இருந்த 7 சர்வர்களிலிருந்தும் அதை அகற்றினார்கள். அவற்றிலும் பழைய நிரல் விழித்துக்கொள்ள, சிக்கல் இன்னும் பெரிதானது. சந்தை திறக்கும் முன்பே அவர்களது கணினிகள் 97 மின்னஞ்சல்களை அனுப்பியிருந்தன. பிழைக்கான தடயம் அவற்றில் இருந்தது. யாரும் அவற்றை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை.

அதனால்தான் இந்த வேலையில் லாக், அதாவது சர்வர் தானே எழுதிவைக்கும் நடப்புக் குறிப்பு, அவ்வளவு முக்கியம். இன்று உள்ளே வரும் கோரிக்கை ஒவ்வொன்றுக்கும், கூரியர் உறையில் ஒட்டும் எண் போல, தனி எண் கொடுக்கிறார்கள். அது எந்தெந்த சர்வரைத் தொட்டது, எங்கே எத்தனை மில்லிநொடி நின்றது, எந்த இடத்தில் விழுந்தது என்று அந்த எண்ணை வைத்தே பின்தொடரலாம். எட்டில் ஒரு கோரிக்கை மட்டும் விழுகிறது, விழுபவை எல்லாம் ஒரே சர்வருக்குப் போனவை என்று தெரிந்தால், அடுத்து ஹாஷ் பார்ப்பார்கள். ஹாஷ் என்பது ஒரு கோப்பின் முழு உள்ளடக்கத்திலிருந்தும் கணக்கிடும் குறுங்குறியீடு. ஷா-256 என்ற முறையில், கோப்பு எவ்வளவு பெரிதானாலும் 64 எழுத்துகளே வரும். உள்ளே ஒரு காற்புள்ளி மாறினாலும் அந்தக் குறியீடு அடையாளம் தெரியாமல் மாறிவிடும். எட்டு சர்வர்களிலும் கணக்கிட்டு ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தால், பழைய நிரல் எதில் கிடக்கிறது என்பது சில நொடிகளில் தெரிந்துவிடும்.