அழகர் மலைக் கல்லில் பாதுஷாக்கள் கல்லறை! கோரிப்பாளையம் பெயர் வந்த கதை

மேலூர்,

மேலூர் பஸ் மதுரைக்குள் நுழைகிறது. ஒத்தக்கடை, மாட்டுத்தாவணி தாண்டிக் கொஞ்ச நேரத்தில் கண்டக்டர் குரல் கொடுக்கிறார்.

"கோரிப்பாளையம்... கோரிப்பாளையம் எறங்கு!"

கூடையும் பையுமாகக் கூட்டம் இறங்குகிறது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் ஒரு பக்கம். அமெரிக்கன் கல்லூரி மாணவர்கள் ஒரு பக்கம். தேவர் சிலையைச் சுற்றி லாரி, ஆட்டோ, பஸ் என்று ஒரே நெரிசல்.

தினமும் ஆயிரக்கணக்கான பேர் வாயில் புழங்கும் இந்தப் பெயருக்கு அர்த்தம் என்ன தெரியுமா?

பாரசீக மொழியில் ‘கோர்’ என்றால் கல்லறை. கல்லறை இருக்கும் பாளையம்தான் கோரிப்பாளையம்!

அந்தக் கல்லறை இன்றைக்கும் அங்கேயே இருக்கிறது. இரைச்சலுக்கு நடுவே, பச்சைக் குமிழ் போட்ட தர்காவுக்குள் அமைதியாக இருக்கிறது. அதன் கல்லுக்கும் மேலூர்ச் சீமைக்கும் தொடர்பு உண்டு என்பதுதான் சுவையான சங்கதி.

உள்ளே யார்?

தர்காவில் அடங்கியிருப்பவர்கள் சுல்தான் அலாவுதீன் பாதுஷா, சுல்தான் சம்சுதீன் பாதுஷா. மூன்றாவதாக சுல்தான் ஹபீபுதீன் அடக்கமும் இங்கே இருப்பதாக நம்பிக்கை. அது கண்ணுக்குத் தெரியாது. அதனால் அவரை ‘காயிப் சுல்தான்’, அதாவது மறைந்திருக்கும் சுல்தான் என்கிறார்கள்.

வருகிற பக்தர்களுக்கு இவர்கள் இறைநேசர்கள். நோய் தீரணும், பிள்ளைக்கு நல்லது நடக்கணும் என்று நேர்ந்துகொண்டு வருகிறார்கள். இந்துக்களும் வருகிறார்கள். சந்தனக்கூடு அன்று தெருவே நிறைந்துவிடும்.

ஆராய்ச்சியாளர்கள் சிலர் சொல்வது வேறு. மதுரையைத் தனி நாடாக ஆண்ட சுல்தான்கள் வரிசையில் இதே பெயர்களில் இருவர் வருகிறார்கள். அவர்களுடைய சமாதியே இது என்பது அவர்கள் கருத்து.

தலைக்கவசம் கழற்றினார்... பாய்ந்தது அம்பு!

டில்லி ஆட்சியில் இருந்து பிரிந்து 1335-ல் மதுரை சுல்தான் ஆட்சியைத் தொடங்கியவர் ஜலாலுதீன் அசன் ஷா. அவருக்குப் பின் வந்தவர்தான் அலாவுதீன் உதவுஜி.

அவர் முடிவு பரிதாபமானது. போர்க்களத்தில் வெற்றி கிடைத்த நேரம். தாகம் எடுத்தது. தண்ணீர் குடிக்கத் தலைக்கவசத்தைக் கழற்றினார். எங்கிருந்தோ வந்த அம்பு ஒன்று பாய்ந்தது. அந்த இடத்திலேயே உயிர் போனது. எய்தவன் யார் என்று கடைசிவரை தெரியவில்லை!

இதை எழுதி வைத்தவர், 1340-களில் மதுரைக்கு வந்த மொராக்கோ நாட்டு யாத்திரிகர் இபின் பதூதா. முதல் சுல்தான் அசன் ஷாவின் மகளைக் கட்டிய மருமகன் அவர்.

ஒரே கல்லா?

சமாதிக்கு மேலே கவிழ்ந்திருக்கும் குமிழ்தான் பார்க்க வேண்டியது. உயரம் சுமார் 20 அடி என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. அழகர் மலையில் இருந்து கொண்டுவந்த ஒரே பாறையில் குடைந்து செய்தது என்று பரம்பரையாகப் பேச்சு.

தஞ்சைப் பெரிய கோவில் உச்சியில் இருப்பது 80 டன் எடையுள்ள ஒரே கல் என்றும் ஊரெல்லாம் சொல்வதுண்டு. அது பல துண்டுகளை இணைத்தது என்று பிறகு தெரியவந்தது. இங்கேயும் அப்படி இருக்கலாம். ஆனால் வேலையின் பெருமை அதனால் குறையாது.

காரணம் இருக்கிறது. நம்ம ஊர் ஸ்தபதிகளுக்குத் தெரிந்தது தூண் நட்டு, உத்திரம் வைத்து, மேலே பலகைக்கல் பரப்புகிற வேலை. குமிழ் என்பது வடக்கே இருந்து வந்த பாணி. அங்கே பல இடங்களில் செங்கல், சுண்ணாம்பு வைத்துக் கட்டுவார்கள். இங்கேயோ கைக்குப் பழகிய கருங்கல். சுற்றிலும் தூண் மண்டபம்; உள்ளே குமிழ்க் கூரை. கோவில் மண்டபம் கட்டின கை, சாமி உருவம் இல்லாமல் ஒரு சமாதிக்கும் வேலை செய்திருக்கிறது.

ராஜா தீர்த்த வழக்கு

1371 வாக்கில் விஜயநகர இளவரசர் குமார கம்பணர் மதுரையைப் பிடித்தார். சில ஆண்டுகளில் சுல்தான் ஆட்சியே முடிந்தது. ஆட்சி போனால் ஆண்டவர்கள் சமாதி என்ன ஆகும்? இடித்துத் தள்ளியிருக்கலாம். நிலத்தையாவது பிடுங்கியிருக்கலாம்.

நடந்தது வேறு!

தர்காவில் 1573-ம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. டில்லி ஒருகோல் சுல்தான் பள்ளிவாசலுக்குக் கூன் பாண்டியன் விட்ட கிராமங்கள் பற்றி அது பேசுகிறது. 14 ஆயிரம் பொன் கொடுத்து வாங்கிய நிலம் என்பது வழிவழியாக வரும் வரலாறு. சொக்கிகுளம், பீபிகுளம், கண்ணனேந்தல், திருப்பாலை எல்லாம் அந்தப் பட்டியலில் அடக்கம். இன்றைக்கு ஒரு சென்ட் வாங்க லட்சங்களை எண்ணி வைக்க வேண்டிய ஏரியாக்கள்!

நாயக்கர் காலத்தில் அந்த உரிமை பற்றிப் பேச்சு எழுந்தது. விஷயம் மன்னர் வீரப்ப நாயக்கரிடம் போனது. ‘பழைய பாண்டியன் கொடுத்தது செல்லும்’ என்று உறுதி செய்து கல்லில் வெட்ட வைத்தார். அந்தக் கூன் பாண்டியன் எந்தப் பாண்டியன் என்பதில் அறிஞர்களுக்குள் வாதம் உண்டு. ஆனால் நாயக்கர் கொடுத்த உறுதி கல்லிலேயே நிற்கிறது.

சுல்தான்களை வென்ற விஜயநகரத்தின் கீழ் வந்தவர்கள் நாயக்கர்கள். மீனாட்சி அம்மன் கோவிலுக்கு அள்ளிக் கொடுத்தவர்கள். அவர்கள் கையால் கிடைத்த உறுதி என்பதால்தான் அதற்கு மதிப்பு அதிகம்.

கல் வந்த வழியில் கள்ளழகர்

சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் மலையை விட்டு இறங்குகிறார். மூன்றுமாவடி, தல்லாகுளம் வழியாகக் கோரிப்பாளையம் வந்துதான் வைகையில் இறங்குகிறார். ஊர்ப் பேச்சு உண்மையானால், குமிழ்க் கல்லும் அந்த மலையில் இருந்து அதே திசையில்தான் வந்திருக்க வேண்டும்.

மேலூர்ப் பக்கத்துக் கல்லுக்கு வெளிநாடு வரை கிராக்கி. 2012-ல் கிரானைட் முறைகேட்டில் அரசுக்கு 16 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் நஷ்டம் என்று கலெக்டர் அறிக்கை போனது. குன்றுகள் கரைந்து கண்டெய்னரில் போன காலம் அது. எங்கே போய், எந்த மாளிகையில் தரையாகக் கிடக்கிறதோ!

ஆனால் கோரிப்பாளையத்துக் கல் ஊரை விட்டுப் போகவில்லை. பாண்டியன், சுல்தான், நாயக்கர், வெள்ளைக்காரன் எல்லோரும் போய்விட்டார்கள். அது அங்கேயே இருக்கிறது.

அடுத்த தடவை கண்டக்டர் குரல் கொடுக்கும்போது அவசரமாக இறங்கி ஓடாமல், ஒரு நிமிஷம் நின்று அந்தப் பச்சைக் குமிழை அண்ணாந்து பாருங்கள். நம்ம ஊர்க் கல்!